காரைப் பூட்டியதும் 'பீப்' சத்தம் வர என்ன செய்ய வேண்டும்?

கேள்வி இது: 2017 ஸ்கோடா ஆக்டேவியாவை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறீர்கள். முன்பு ஓட்டிய காரில் ரிமோட்டை இரண்டு முறை அமுக்கினால் ஹாரன் ஒரு சின்னச் சத்தம் கொடுக்கும். இதில் இண்டிகேட்டர் ஒருமுறை மின்னி அடங்கிவிடுகிறது, நடுப்பகல் வெயிலில் அதுவும் கண்ணில் படுவதில்லை. ஷோரூமில் கேட்டால் "இந்த மாடலில் அது கிடையாது சார்" என்று முடித்துவிட்டார்கள். சத்தத்தை வரவழைக்க வழி உண்டா?

உண்டு, வண்டியில் கம்பெனி அலாரம் இருந்தால். அந்த வசதி வண்டியின் மூளைக்குள் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது, அணைத்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். எப்படி எழுப்புவது என்று சொல்வதற்கு முன்னால் இன்றைக்கே நீங்கள் நிறுத்த வேண்டிய ஒரு பழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பழைய கார் ஞாபகத்தில் ஆக்டேவியாவின் லாக் பட்டனை இரண்டு முறை அமுக்காதீர்கள். ஃபோக்ஸ்வாகன் குழும வண்டிகள் பலவற்றில் சேஃப்லாக் என்று ஒன்று உண்டு. ரிமோட்டில் ஒருமுறை பூட்டினால் வெளியே மட்டுமல்ல, உள்ளே இருக்கும் கைப்பிடியை இழுத்தாலும் கதவு திறக்காது. கண்ணாடியை உடைத்துக் கையை உள்ளே விட்டவனுக்கும் கதவு கிடைக்காது என்பதற்காக அந்த ஏற்பாடு. ஆனால் இரண்டு விநாடிக்குள் லாக் பட்டனை இன்னொரு முறை அமுக்கினால், உள்ளே யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு வண்டி அந்த உள்பூட்டை விட்டுவிடும். அதாவது சத்தம் வருமா என்று நீங்கள் மறுபடி மறுபடி அமுக்குவது பூட்டைப் பலவீனமாக்குகிறது. உங்கள் வண்டியில் சேஃப்லாக் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள எளிய வழி, இக்னிஷனை அணைத்ததும் மீட்டர் டிஸ்ப்ளேயில் சேஃப்லாக் பற்றி ஒரு எச்சரிக்கை வரி வருகிறதா என்று பார்ப்பது. வந்தால் இருக்கிறது. அப்புறம் ஒன்று, அந்த வண்டியில் யாரையும் உள்ளே உட்கார வைத்துவிட்டு ஒரே அமுக்கில் பூட்டிப் போகாதீர்கள், முக்கியமாகக் குழந்தைகளையும் வயதானவர்களையும். அந்த இரண்டாவது அமுக்கு உண்மையில் அதற்காகத்தான் இருக்கிறது.

சரி, சத்தத்துக்கு வருவோம். முதலில் இலவசமான வேலை. டச் ஸ்கிரீனில் கார் பட்டனை அமுக்கி செட்டிங்ஸுக்குள் போய் 'ஓப்பனிங் அண்ட் குளோசிங்' என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். அங்கே ஒலி உறுதிப்படுத்தல் பற்றி ஒரு டிக் பெட்டி இருந்தால் டிக் போடுங்கள், வேலை முடிந்தது. இல்லையென்றால் அந்த மெனுவே மறைக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம், அதையும் சேர்த்து எழுப்ப வேண்டும்.

அதற்கு முன் அலாரம் இருக்கிறதா என்பது தெரிய வேண்டும், ஏனென்றால் அந்தச் சின்ன 'பீப்'பைக் கொடுப்பது சாலையில் அடிக்கும் ஹாரன் அல்ல, அலாரத்துக்கென்று தனியாக இருக்கும் ஒலிப்பான். ஓட்டுநர் கதவுக் கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்டு வெளியே வந்து ரிமோட்டில் பூட்டி, ஒரு நிமிடம் பொறுத்து, கையை ஜன்னல் வழியாக உள்ளே விட்டு ஆட்டிப் பாருங்கள். உள்ளே அசைவைப் பார்க்கும் சென்சாரோடு அலாரம் இருந்தால் கத்தித் தீர்த்துவிடும், ரிமோட்டில் அன்லாக் அமுக்கினால் அடங்கும். கத்தவில்லை என்றால் உடனே இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம், அசைவு சென்சார் இல்லாத அலாரமும் இருக்கலாம். உறுதியாகத் தெரிய ஸ்கேன் எடுக்க வேண்டும், அதாவது வண்டிக்குள் இருக்கும் கணினிகளை ஒரு கருவியால் படிக்க வேண்டும். 09 என்ற எண்ணுள்ள மாடியூலின், அதாவது கதவு, விளக்கு போன்றவற்றைக் கவனிக்கும் கணினிப் பெட்டியின் கீழே அதோடு இணைந்த துணைக் கருவிகள் வரிசையாக வரும், மழை சென்சார், லைட் சுவிட்ச் இதெல்லாம் இருக்கும் பட்டியலில் அலாரம் ஹாரன் என்றும் ஒரு வரி இருந்தால் உங்கள் வண்டியில் அது இருக்கிறது. அந்த வரி இல்லாமல் கோடிங் மட்டும் போடுவது, அதாவது அந்தக் கணினியின் செட்டிங்கை மட்டும் மாற்றி எழுதுவது, ஒலிபெருக்கி இல்லாத ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுவது போலத்தான், எழுதினது எழுதினபடி இருக்கும், சத்தம் வராது.

ஸ்கேன் எடுக்க இரண்டு கருவிகள் நம் ஊர் ஆட்களிடம் அதிகம் புழங்குகின்றன. ஒன்று வி.சி.டி.எஸ், லேப்டாப்பில் ஓடுவது, அமெரிக்காவின் ராஸ்-டெக் நிறுவனத்துடையது. இன்னொன்று ஓ.பி.டி. இலெவன், லித்துவேனியாக்காரர்களுடையது, போனில் புளூடூத் வழியாக ஓடும். இரண்டில் எது கையில் இருந்தாலும் போதும். சொந்தமாக வாங்கத் தேவையில்லை, ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா வண்டி வைத்திருப்பவர்களின் குழுக்களில் கேட்டால் பக்கத்து ஊரில் யாரோ ஒருவரிடம் கட்டாயம் இருக்கும். மலிவாகக் கிடைக்கும் போலிக் கேபிளை வாங்கி எழுதும் வேலைக்குப் போகாதீர்கள். படிக்கிற வரைக்கும் பரவாயில்லை, எழுதும்போது நடுவில் தொடர்பு அறுந்தால் மாடியூலுக்கு என்ன ஆகும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

ஆக்டேவியாவின் மூன்றாம் தலைமுறை, அதாவது உங்களுடையது, எம்.க்யூ.பி. என்ற தளத்தில் கட்டப்பட்டது. ஏழாம் தலைமுறை கோல்ஃப், சூப்பர்ப், கோடியாக், ஆடி ஏ3 எல்லாம் அதே குடும்பம்தான், அதனால் முறையும் ஒன்றுதான். ஸ்டியரிங்குக்குக் கீழே டாஷ்போர்டின் அடிப்பக்கம் இருக்கும் ஓ.பி.டி. போர்ட்டில் கருவியைச் செருகி, இக்னிஷனை ஆன் செய்து, இன்ஜினைப் போடாமல், ஹெட்லைட்டையும் ஏ.சி. ஃபேனையும் அணைத்துவிட்டு உட்காருங்கள். பேட்டரி பழசு என்றால் சார்ஜரை மாட்டிக்கொள்ளுங்கள், வோல்டேஜ் இறங்கினால் சம்பந்தமில்லாத மாடியூல்களில் எல்லாம் பிழைக்குறி விழுந்து உங்களைக் குழப்பும். முழு ஸ்கேன் எடுத்து அந்த அறிக்கையைச் சேமித்துவிடுங்கள், இதைத் தவறவே விடாதீர்கள். பிறகு 09 மாடியூலுக்குள் போய் செக்யூரிட்டி ஆக்சஸில் 31347 என்ற எண்ணைக் கொடுங்கள், அது எல்லாருக்கும் தெரிந்த எண்தான், ரகசியம் ஒன்றுமில்லை. அடுத்து அடாப்டேஷன் என்ற பகுதிக்குள் போனால் நீளமான பட்டியல் வரும். அதில் 'அக்னாலட்ஜ்மென்ட் சிக்னல்ஸ்' என்று தொடங்கும் வரிகளை மட்டும் தேடுங்கள்.

அந்த வரிகள் பாதி ஜெர்மன் மொழியில் இருக்கும், அங்கேதான் பலர் மிரண்டுவிடுகிறார்கள். 'அகுஸ்டிஷே ரூக்மெல்டுங்' என்றால் ஒலியால் கொடுக்கும் பதில். அதன் பின்னால் 'குளோபல்' என்று முடியும் வரி மெயின் சுவிட்ச் மாதிரி, அது ஆன் ஆகாமல் மற்றவை வேலை செய்யாது. 'ஃபெர்ரீகெல்ன்' என்று முடிவது பூட்டும்போது வரும் சத்தம். 'என்ட்ரீகெல்ன்' என்று முடிவது திறக்கும்போது வருவது. இன்னொரு வரி 'மெனூ' என்று ஆரம்பிக்கும், அதை ஆக்டிவ் ஆக்கினால்தான் டச் ஸ்கிரீன் மெனுவில் டிக் பெட்டி தலைகாட்டும், பிறகு நீங்களே வேண்டும்போது அணைத்துப் போட்டுக்கொள்ளலாம். என் யோசனை: குளோபலையும் மெனுவையும் பூட்டும் வரியையும் ஆன் செய்யுங்கள், திறக்கும் வரியைத் தொடாதீர்கள். திறந்ததா என்று தெரிந்துகொள்ள உங்களுக்குச் சத்தம் தேவையில்லை, கதவை இழுக்கத்தானே போகிறீர்கள். ஒரு வரியை மாற்றிச் சேமித்துவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள், எல்லாவற்றையும் மொத்தமாக மாற்றிவிட்டு எது என்ன செய்தது என்று தெரியாமல் நிற்க வேண்டாம். பழைய மதிப்பை ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

லாரா என்ற பெயரில் இங்கே விற்ற இரண்டாம் தலைமுறை ஆக்டேவியா, ஐந்தாம் ஆறாம் தலைமுறை கோல்ஃப் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பட்டியல் இருக்காது. அங்கே 46 என்ற மாடியூலில் லாங் கோடிங் என்ற பகுதியைத் திறந்தால் உதவித் திரையில் பூட்டியதை ஹாரனால் உறுதிப்படுத்துவது பற்றிய வரி டிக் பெட்டியோடு இருக்கும். நேர்மாறாக, 2020 வாக்கில் வந்த எட்டாம் தலைமுறை கோல்ஃப், நான்காம் தலைமுறை ஆக்டேவியா போன்றவற்றில் எஸ்.எஃப்.டி. என்ற பாதுகாப்புப் பூட்டைப் போட்டுவிட்டார்கள், இணையம் வழியாக அதைத் திறந்தால்தான் எழுதவே விடும். உங்கள் 2017 வண்டிக்கு அந்தத் தொல்லை இல்லை.

மற்ற கார் வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன், பல கார்களில் இதற்குக் கருவியே தேவையில்லை. ஹூண்டாயில் செட்டிங்ஸில் கதவு பகுதிக்குள் 'ஹாரன் ஃபீட்பேக்' என்று இருக்கும் மாடல்களில் அதை டிக் செய்துவிட்டால், பூட்டிய நான்கு விநாடிக்குள் மறுபடி லாக் அமுக்கும்போது ஹாரன் ஒருமுறை ஒலிக்கும். ஹோண்டாவில் டோர் செட்டப்புக்குள் 'கீலெஸ் லாக் ஆன்சர் பேக்' என்று இருக்கும், ஸ்மார்ட் கீ உள்ள மாடல்களில் பீப்பின் அளவையும் கூட்டலாம் குறைக்கலாம். டொயோட்டாவில் இதற்கென்றே தனி பஸ்ஸர் உண்டு, அதன் சத்தத்துக்கு ஏழு நிலைகள், தயாரிப்பில் ஐந்தில் வைத்து அனுப்புவார்கள், சர்வீஸ் சென்டரில் டெக்ஸ்ட்ரீம் மென்பொருளில் கேட்டுக் குறைத்துக்கொள்ளலாம். சில மாடல்களில் மீட்டர் டிஸ்ப்ளேயிலேயே மாற்றலாம். என்னைக் கேட்டால் எல்லாரும் டொயோட்டா மாதிரி செய்திருக்க வேண்டும், பூட்டியதைச் சொல்ல ஒரு சின்ன பஸ்ஸர் போதும், அதற்கு நூறு டெசிபலைத் தாண்டும் ஹாரனை எழுப்ப வேண்டியதே இல்லை.

கனடா, அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு இன்னும் சுலபம். நிசானில் பல மாடல்களில் ரிமோட்டின் லாக், அன்லாக் இரண்டு பட்டன்களையும் சேர்த்து இரண்டு விநாடிக்கு மேல் அமுக்கிப் பிடித்தால் போதும். ஹசார்ட் விளக்கு மூன்று முறை மின்னினால் சத்தம் அணைந்துவிட்டது என்று பொருள், மறுபடி அதேபோல் பிடித்து விளக்கு ஒருமுறை மின்னி ஹாரனும் ஒருமுறை ஒலித்தால் சத்தம் திரும்பிவிட்டது. யாரோ பையில் ரிமோட்டை அழுத்தியதில் தானாகவே சத்தம் நின்றுபோய், ரிப்பேர் என்று நினைத்து ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறவர்கள் உண்டு, முதலில் இதைச் செய்து பாருங்கள். செவ்ரலே, ஜி.எம்.சி. வண்டிகளில் செட்டிங்ஸில் 'ரிமோட் லாக் ஃபீட்பேக்' என்று இருக்கும், விளக்கு மட்டும், ஹாரன் மட்டும், இரண்டும், எதுவும் வேண்டாம் என்று தேர்ந்துகொள்ளலாம். டெஸ்லாவில் கன்ட்ரோல்ஸ், லாக்ஸ், அதற்குள் பூட்டுச் சத்தம் என்ற சுவிட்ச்.

பேஸ் மாடலை எடுத்து வெளிக்கடையில் சென்ட்ரல் லாக் போட்டவர்கள் தனிக் கதை. அவற்றின் சைரன் பொதுவாகப் பூட்டினால் ஒன்று, திறந்தால் இரண்டு என்று ஒலிக்கும். திடீரென்று சத்தம் போய்விட்டது என்றால் பத்தில் ஒன்பது பேருக்கு அது சைலன்ட் மோடில் விழுந்திருக்கும். ரிமோட்டில் ஸ்பீக்கர் மேல் கோடு போட்ட பட்டன் இருந்தால் அதுதான். அதுவும் இல்லையென்றால் போனட்டைத் திறந்து சைரனைப் பாருங்கள், மழைத் தண்ணீர் புகுந்து செத்துப்போயிருக்கும். மாற்றும்போது வாய் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டச் சொல்லுங்கள், மேல்நோக்கி மாட்டினால் தண்ணீர் தேங்கிவிடும்.

இப்போது முக்கியமான விஷயம். இந்தச் சத்தம் உண்மையில் எதைச் சொல்கிறது? பூட்டும் கட்டளை வண்டிக்குப் போய்ச் சேர்ந்தது, கதவு, போனட், டிக்கி எல்லாம் மூடியிருக்கின்றன, அலாரம் தயாராகிவிட்டது. அவ்வளவே. ஃபோக்ஸ்வாகன் குழும வண்டியில் பூட்டியபோது இண்டிகேட்டர் மின்னவில்லை என்றால் ஏதோ ஒரு கதவோ போனட்டோ டிக்கியோ சரியாகச் சாத்தப்படவில்லை. ஃபோர்டில் இரண்டாவது முறை லாக் அமுக்கும்போது எல்லாம் மூடியிருந்தால் ஹாரன் ஒன்று, ஏதாவது திறந்திருந்தால் இரண்டு. இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளாமல் ஏதோ சத்தம் வந்தது என்று நடையைக் கட்டினால் பயனே இல்லை. உங்கள் காரில் ஒருமுறை வேண்டுமென்றே பின் கதவை அரைகுறையாகச் சாத்திவிட்டுப் பூட்டிப் பாருங்கள், போனட்டைத் தூக்கி வைத்தும் பாருங்கள், என்ன சத்தம் வருகிறது, வராமல் போகிறது என்று காது பழகிவிடும்.

கோடிங் போட்டும் சத்தம் வரவில்லை என்று வருகிற வண்டிகளில் இதுதான் பாதிக் காரணம். ஆக்டேவியாவில் கதவு மூடியிருப்பதைச் சொல்லும் சுவிட்ச் கதவு ஓரத்தில் ரப்பர் தொப்பியோடு தெரியும் பழைய வகை அல்ல, கதவுப் பூட்டுக்குள்ளேயே இருக்கும் நகத்தளவு மைக்ரோ சுவிட்ச். அது தேய்ந்தால் கதவு திறந்திருந்தாலும் உள் விளக்கு எரியாது, மீட்டரில் கதவு திறந்த படம் வராது, அல்லது மூடிய பிறகும் திறந்தே இருப்பதாகக் காட்டும். அப்படி இருந்தால் கோடிங்கை நோண்டிக்கொண்டிருக்க வேண்டாம், அந்தப் பூட்டை மாற்றினால் சத்தம் தானாக வரும். போனட் சுவிட்சில் அழுக்கு அடைந்தாலும் இதே கதைதான்.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று வீட்டில் கேட்பார்கள். எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. நாம் ரிமோட்டை அமுக்குவது பெரும்பாலும் வண்டிக்கு முதுகைக் காட்டி நடக்கும்போது. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் பெரும்பாலான கார் ரிமோட்டுகள் 433.92 மெகாஹெர்ட்ஸில் பேசுகின்றன. அதே அலைவரிசையில் ஒருவன் பக்கத்தில் நின்று இரைச்சலை அனுப்பினால் உங்கள் கட்டளை வண்டியின் காதில் விழாது, வண்டி பூட்டாமலே நிற்கும், நீங்கள் கடைக்குள் போய்விடுவீர்கள். தென்னாப்பிரிக்காவில் மால் பார்க்கிங்குகளில் இந்தத் திருட்டு வெகு காலமாக நடக்கிறது, போலீஸே எச்சரிக்கிறார்கள். திருடனே வேண்டாம், ரிமோட் பேட்டரி தீர்ந்தாலும், தூரம் கூடினாலும், பக்கத்தில் வேறு ஏதாவது கருவி அதே அலைவரிசையில் இரைந்தாலும் இதே நிலைதான். அந்த நேரத்தில் வராத சத்தம்தான் உங்களைத் திரும்பிப் பார்க்க வைக்கும். கீலெஸ் கார்களில், அதுவும் நடந்து போனாலே தானாகப் பூட்டிக்கொள்ளும் வகையில், பட்டனையே அமுக்குவதில்லை என்பதால் காதுக்கு ஏதாவது ஒன்று கட்டாயம் கேட்க வேண்டும். ஆனால் சாவியின் சிக்னலை வீட்டு வாசலிலிருந்து நீட்டித்து வண்டியைத் திறக்கும் திருட்டுக்கு இந்த பீப் எதுவும் செய்யாது, அதற்கு இது மருந்தல்ல.

அப்புறம் அக்கம்பக்கம். நம் நாட்டின் 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை குடியிருப்புப் பகுதிகளில் ஹாரன் அடிக்கக் கூடாது, மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அறிவிக்கப்பட்ட அமைதி மண்டலத்திலும் கூடாது. பிரிட்டனில் நிற்கும் வண்டியில் ஹாரன் அடிப்பதே, ஆபத்து நேரம் தவிர, விதிப்படி தவறு. இதெல்லாம் பூட்டும் பீப்பை மனதில் வைத்து எழுதினவை இல்லைதான், ஆனால் அடுக்குமாடியின் தரைத்தளப் பார்க்கிங்கில் கான்கிரீட் சுவர்களுக்கு நடுவே நள்ளிரவில் ஒரு ஹாரன் அடித்தால் முதல் மாடியில் தூங்கும் கைக்குழந்தை எழுந்துவிடும், அதற்கு விதி எதற்கு. அதனால்தான் மெனு வரியையும் சேர்த்து எழுப்பச் சொன்னேன், வீட்டுக்கு வரும்போது டிக்கை எடுத்துவிடலாம். பூட்டும்போது பக்கக் கண்ணாடி தானாக மடியும் வசதி உங்கள் வண்டியில் இருந்தால் இரவில் அதுவே போதும், திரும்பி ஒரு பார்வை, கண்ணாடி மடிந்திருந்தால் பூட்டு விழுந்திருக்கிறது.

முதல் வேலையாக ஸ்கேன் எடுத்து 09 மாடியூலின் பகுதியை மட்டும் இங்கே ஒட்டுங்கள், சேஸிஸ் எண்ணை அழித்துவிட்டு. அலாரம் ஹாரன் வரி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன், அது தெரியாமல் யாருக்கும் கோடிங்குக்குக் காசு கொடுத்துவிடாதீர்கள்.